வெள்ளை ஷூவுக்கு மூன்று தவணை

என் இடது கால் வலது காலைவிட இரண்டு அங்குலம் குட்டை. ஒன்பது வயதில், எண்ணூர் நெடுஞ்சாலையில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு டிரெய்லர் லாரி இடித்துவிட்டுப் போனது. உடைந்த தொடையெலும்பு கூடியபோது குட்டையாகக் கூடிவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது இதைத்தான். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதுதான் எனக்கு எரிச்சல். நன்றாகப் பாருங்கள், பார்த்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

அரசு மருத்துவமனையில் அளவெடுத்து ஒரு கறுப்பு பூட்ஸ் தருவார்கள். இடது பூட்ஸின் அடி மட்டும் செங்கல் கனத்துக்கு இருக்கும். குறை சொல்ல மாட்டேன், அதைப் போட்டுக்கொண்டுதான் படித்தேன், பஸ் ஏறினேன், வேலைக்கும் போகிறேன். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட் அலுவலகத்தில் எனக்கு வேலை. துறைமுகத்திலிருந்து வரும் ஒவ்வொரு கன்டெய்னரின் கதவிலும் ஒரு சீல் போட்டிருக்கும், அதில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணும் டிரைவர் கையிலுள்ள காகிதத்தின் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகுதான் லாரியை உள்ளே விடுவேன். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் விட மாட்டேன். "யக்கா, காலைலேர்ந்து நின்னுகினு கீறேன், வுடுக்கா" என்று டிரைவர்கள் கெஞ்சுவார்கள். நில்லு என்பேன். அப்படிப்பட்டவள் ஏமாந்த கதை இது. சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம்.

ஈஸ்டர் முடிந்து இரண்டாவது வாரம் எனக்குக் கல்யாணம் என்று முடிவானது. மாப்பிள்ளை மணலியில் ஒரு ஆலையில் ஃபிட்டர். இரண்டு வருடம் பழகிய பிறகுதான் வீட்டில் சொன்னோம். ராயபுரத்தில் எங்கள் பங்குக் கோயிலில் பூசை, வெள்ளை கவுன். கவுனுக்கு அளவு கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் குனிந்து என் காலைப் பார்த்தேன். அந்த வெள்ளை கவுனுக்குக் கீழே இந்தக் கறுப்பு பூட்ஸ்தான் தெரியும். எனக்கு ஒரு வெள்ளை ஷூ வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். என் காலுக்கென்றே செய்த, நான் போட ஆசைப்படுகிற ஒரு ஜோடி ஷூ. இருபது வருடத்தில் என் காலுக்கு என்ன தேவை என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள், என்ன பிடிக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

கடைகளில் கிடையாது. ஒரு காலுக்கு மட்டும் உயரம் வைத்த ஷூவை யார் செய்து அடுக்கி வைப்பார்கள்? செல்போனில் தேடினேன். 'உங்கள் காலுக்கு மட்டும்' என்று ஒரு பக்கம் வந்தது. வெள்ளைத் தோல், ஓரத்தில் பொடி முத்து வரிசை, உயரம் வைத்ததே தெரியாத அடி. அந்தப் படத்தை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. உடனே மெசேஜ் போட்டேன். அடுத்த நிமிடம் பதில் வந்தது. சிஸ்டர் சிஸ்டர் என்று அவ்வளவு மரியாதை. பட்டறையை வீடியோ காலில் காட்ட முடியுமா என்றதற்கு, டிசைனை யாராவது திருடிவிடுவார்கள், கம்பெனி விதி என்றான். சரி என்றேன். பாதிப் பணம் அனுப்பச் சொன்னான். அனுப்பப் போனால் திரையில் ஓர் ஆளின் பெயர் வருகிறது, அந்தப் பக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் அக்கவுன்டன்ட் சிஸ்டர் என்றான். அதற்கும் சரி என்றேன். வேறு எண்ணுள்ள சீலோடு வந்த லாரியை நானே கதவைத் திறந்து உள்ளே விட்டேன்.

ஏன் விட்டேன் என்பதை யோசித்திருக்கிறேன். என் அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவள். நான் வளர்ந்தது அந்த ஏலத் தரையில். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கல்யாண வீட்டுக்கு இத்தனை கூடை வஞ்சிரம் வேண்டும் என்றால் முன்கூட்டியே படகுக்காரரிடம் அச்சாரம் கொடுப்பார்கள். நோட்டை உள்ளங்கையில் வைத்து அழுத்தி, தொகையைப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்வார்கள். அவர் விரலை மடக்கிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு வேறு ஒருத்தர் இரண்டு மடங்கு தருகிறேன் என்று வந்தாலும் அந்த மீன் அச்சாரம் கொடுத்தவருக்குத்தான். அச்சாரம் வாங்கிவிட்டுப் பேச்சு மாறின ஒருவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் பணம் அனுப்பியதும், "அச்சாரம் போட்டாச்சு" என்று அவனுக்கு எழுதினேன். அவன் கையைக் கட்டிவிட்டதாக நினைத்தேன். எங்கள் தரையில் பிறந்தவர்கள் மட்டும்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். ஏலத் தரையில் அச்சாரம் வாங்கினவர் மறுநாள் விடிகாலையில் அதே இடத்துக்கு வந்து நிற்க வேண்டும், அதே முகங்களைப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டாயம்தான் அவரைப் பிடித்து வைக்கிறது. செல்போனில் இருந்தவனுக்கு முகமும் இல்லை, வந்து நிற்க வேண்டிய தரையும் இல்லை.

பத்து நாள் கழித்துத் தோல் வெட்டப் போகிறோம் என்று மீதிப் பணம் கேட்டான். கொடுத்தேன். பிறகு முத்து வரவில்லை, பிறகு ஆள் ஊருக்குப் போய்விட்டான், பிறகு கூரியர் ஸ்டிரைக். கோயிலில் முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் அறிவித்த அன்றைக்கு, பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டேன். தருகிறேன் சிஸ்டர் என்று ஒரு கியூஆர் கோடை அனுப்பினான். அதை ஸ்கேன் செய்து என் ரகசிய பின் நம்பரைப் போட்டால் பணம் என் கணக்குக்கு வந்துவிடுமாம்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அவளும் மீன் பலகையில் ஒரு கியூஆர் அட்டையை மாட்டி வைத்திருக்கிறாள், பணம் வந்ததும் சத்தம் போடுகிற சின்னப் பெட்டியும் வைத்திருக்கிறாள். போனை வாங்கிப் பார்த்தாள்.

"இன்னாடி இது? துட்டு வாங்கறதுக்கு இன்னாத்துக்கு நம்பரு? நான் டெய்லி வாங்கிகினு கீறேன், ஒருநாளாச்சும் நம்பரு அடிச்சிக்கீறனா? துட்டு குடுக்கறவன் தாண்டி நம்பரு அடிப்பான். இந்தக் கஸ்மாலம் மிச்சத்தையும் வாரிகினு போறதுக்குப் பாக்கறான்."

படிக்காத அம்மாவுக்கு ஒரு நொடியில் தெரிந்தது. அவனுக்கு நான் என்ன எழுதினேன் என்று இங்கே எழுத முடியாது. எழுதி அனுப்பிய மறுகணமே அந்தப் பக்கமே எனக்குத் தெரியாமல் போனது. பிளாக் செய்துவிட்டான்.

மறுநாள் காவல் நிலையம் போனேன். அங்கிருந்த பெண் காவலர் நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி, ஆன்லைனில் புகாரைப் பதிவு செய்தார். "அனுப்புன அன்னிக்கே சைபர் கிரைமுக்குப் போன் பண்ணியிருந்தா, அவன் எடுக்கறதுக்கு முன்னாடி பேங்க்லயே நிறுத்தி வெச்சிருப்பாங்கம்மா. ஒரு மாசம் ஆயிப்போச்சே" என்றார். அந்த ஒரு மாதமும் நான் முத்து எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அவரிடம், என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவரிடம், சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை, தேற்றத்தான் பார்த்தார். "வுடு. கவுன இன்னும் நாலு விரக்கட எறக்கித் தெச்சிட்டா தரைல பெரளும். பூட்ஸுக்கு வெள்ள பெயின்ட் அடிச்சிக்கலாம். யாரு பாக்கப் போறா?"

எனக்கு வந்ததே கோபம். ஏமாந்ததற்குக்கூட அவ்வளவு வரவில்லை. "மறைக்கணும்னு தோணுதா உனக்கு? அப்டீன்னா இப்பவே சொல்லு. இன்னும் ரெண்டு ஓலை பாக்கி கீது" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் அப்டி சொல்லல, நீ கஷ்டப்படறியேன்னு சொன்னேன் என்றார். அது உண்மைதான். ஆனாலும் எனக்கு அழுகை வந்தது. வாசலிலிருந்து பீடம் வரைக்கும் அந்தக் கோயிலின் நீளம் முழுக்க நான் நடக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஜனம் நின்று பார்க்கும். அந்த நடை என் நடையாக இருக்க வேண்டும், கவுனுக்குள் பதுங்கிய நடையாக இருக்கக் கூடாது. இதைச் சொல்லித்தான் அழுதேன். அவர் அதற்குப் பிறகு பெயின்ட் பேச்சை எடுக்கவில்லை.

ஏமாந்ததை வெளியே சொல்லாதே என்றார்கள் வீட்டில். கல்யாணப் பெண், ஜனம் நாலு விதமாகப் பேசும். நான் அந்தப் பக்கத்தின் படத்தையும் அவன் அனுப்பிய கியூஆரையும் என் ஸ்டேட்டஸில் போட்டு, நான் ஏமாந்தேன், நீங்கள் ஏமாறாதீர்கள் என்று எழுதினேன். யார்டில் வருகிற போகிற டிரைவர்களிடமெல்லாம் சொன்னேன். திருடினவன் அவன், நான் எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? சிலர் சிரித்தார்கள். ஒரு டிரைவர் சிரிக்கவில்லை. ஆம்பூரிலிருந்து தோல் சரக்குக் கன்டெய்னர் ஓட்டி வருகிறவர். "எங்க ஊர்ல ஒருத்தரு இந்த மாதிரி ஷூ மட்டும்தாங்க செய்யறாரு. கோவக்காரரு. நம்பர் வேணும்னா வாங்கித் தரேன்" என்றார்.

வாங்கிக்கொண்டேன். டிரைவரையே எனக்குக் கேட்டுக்கு வெளியே தெரியாது, அவர் சொன்ன ஆளை எப்படித் தெரியும்? இந்தத் தடவை லாரியை நிறுத்தினேன். வீடியோவில் பட்டறையைக் காட்டுங்கள் என்றேன், காட்டினார். ஐம்பது வயது இருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி, பின்னால் சுவர் நிறைய மரத்தில் செதுக்கிய பாதங்கள். ஏற்கெனவே செய்துகொடுத்த இருவரின் எண் கேட்டேன், முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். ஒருவரிடம் பேசினேன், வேலூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியர். சொன்ன தேதிக்கு ஒரு வாரம் தாமதம் செய்வார், நடுவில் போன் செய்தால் திட்டுவார், ஆனால் ஆறு வருடமாக அந்த ஷூதான் என்றார். புகழ்ச்சி மட்டுமே வந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

பிறகு பணம். முழுசும் முன்னாடியே வேண்டும் என்றார். முடியாது, ஷூ வந்த பிறகுதான் என்றேன்.

"என் மேல நம்பிக்கை இல்லையாம்மா?"

"இல்லீங்க."

அவர் கத்தினார். "அப்ப எனக்கு மட்டும் உன் மேல எப்டிம்மா நம்பிக்கை வரும்? ஒரு கால் ரெண்டு அங்குலம் ஒசரமா செஞ்சு வெச்ச அப்புறம் நீ வேணாம்னா நான் அத யார் கால்ல மாட்டறது? ஊர்ல உன் காலு ஒண்ணுதானம்மா இருக்குது!"

என் காலைப் பற்றி ஒருவர் இவ்வளவு நேராக, இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான். அவர் சொன்னதும் நியாயம். எனக்கு ஓர் ஆபத்து என்றால் அவருக்கும் ஓர் ஆபத்து.

காசிமேட்டில் படகு கட்டுவதை அவருக்குச் சொன்னேன். படகும் ஒருத்தர் கேட்ட அளவுக்குக் கட்டுவதுதான். அடிமரம் வைக்கும்போது ஒரு பங்கு, விலாக்கட்டைகள் நின்றதும் ஒரு பங்கு, பலகை அடித்து முடிந்ததும் ஒரு பங்கு என்று கொடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத பலகைக்குச் சொந்தக்காரர் பணம் தர மாட்டார். பணம் வராமல் அடுத்த பலகையை ஆசாரி தொட மாட்டார். எந்த நாளில் யார் ஓடிப்போனாலும் மற்றவருக்குப் பெரிய நஷ்டம் வராது. நமக்கும் அப்படியே மூன்று பங்கு என்றேன். தோலுக்கும், என் பாத அளவுக்குச் செதுக்கும் மரக்கட்டைக்கும் முதல் பங்கு. அடி ஒட்டுவதற்கு முன்னால் மேல்பாகம் தைத்ததைப் பார்த்துவிட்டு இரண்டாவது. போட்டு நடந்து பார்த்துவிட்டுக் கடைசிப் பங்கு.

"படகு கட்டற ஊருக்காரியா நீ" என்று முனகினார். ஒப்புக்கொண்டார். ஆனால் அவரும் சும்மா விடவில்லை. கல்யாணப் பத்திரிகையை அனுப்பு, கடைசிப் பங்கு வரலேன்னா நேரா வந்து பந்தியில உக்காந்துடுவேன் என்றார். அனுப்பினேன்.

முதலில் ஒரே ஒரு ரூபாய் அனுப்பினேன். திரையில் வந்த பெயரும் பட்டறைப் பலகையில் பார்த்த பெயரும் ஒன்று. அதற்குப் பிறகுதான் முதல் பங்கு. என் பாதத்தை அட்டையில் வரைந்து, அடி தேய்ந்த ஒரு பழைய பூட்ஸோடு சேர்த்துப் பார்சல் போட்டேன். மேல்பாகம் தைத்தாகிவிட்டது என்று படம் அனுப்பியபோது விடவில்லை. ஏழு இலக்கத்தில் ஓர் எண்ணைப் போனில் சொல்லி, அதைக் காகிதத்தில் எழுதி ஷூவுக்குள் வைத்து இரண்டு நிமிடத்தில் படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். யாருடைய ஷூவையோ, எந்தக் காலத்துப் படத்தையோ காட்டி என்னிடம் பணம் வாங்க முடியாது. திட்டினார். என்ன போலீஸ் வேலையா பாக்கறே என்றார். இரண்டு நிமிடத்தில் படம் வந்தது, இலக்கம் ஏழும் சரியாக இருந்தது, காகிதத்துக்குப் பின்னால் வெள்ளைத் தோல் தெரிந்தது. இரண்டாவது பங்கை அனுப்பினேன்.

ஆசிரியர் சொன்னது போலவே தாமதம். பார்சல் வந்தபோது கல்யாணத்துக்கு நான்கே நாள். பிரித்தேன். முத்து இல்லை, முத்தெல்லாம் உதிர்ந்துவிடும் என்று அவர் வைக்கவே மறுத்துவிட்டார். வெள்ளைத் தோல், பக்கவாட்டில் இலை மாதிரி ஒரு தையல். போட்டுக்கொண்டு எங்கள் தெருவில் இறங்கி முனைவரை போய்த் திரும்பினேன். கறுப்பு பூட்ஸில் இழுத்து இழுத்துத்தான் நடக்க வேண்டும். இதில் கால் தானாக எழுந்தது. வலி இல்லை என்று அப்படியே தெருவில் நின்று கத்தினேன். அம்மா மீன் கூடையோடு நின்று பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

உடனே ஆம்பூருக்குப் போன் செய்து, நடந்து பார்த்துவிட்டேன், கடைசிப் பங்கை இப்போதே அனுப்புகிறேன் என்றேன்.

"வேணாம்" என்றார்.

"ஏங்க? பேச்சு அதுதானே?"

"தெருவுல நாலு அடி வெச்சதெல்லாம் நடையாம்மா? நீ எதுக்கு இத செய்யச் சொன்னே? கோயில்ல நடக்கறதுக்கு. அங்க நடந்து முடி. நல்லா இருந்தா அனுப்பு. நடுவுல ஒரு எடத்துல கடிச்சுதுன்னாகூட ஒரு பைசா அனுப்பாதே."

"கல்யாணம் முடிஞ்சப்புறம் நான் போனையே எடுக்கலேன்னா?"

"நீதான் என்னை நம்பல. நான் உன்ன நம்பலேன்னு எப்ப சொன்னேன்?" அன்றைக்குக் கத்தியது அவருக்கு மறந்தே போய்விட்டது போல. போனை வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று வாரம் அவரை நிறுத்தி நிறுத்திச் சோதித்தேன். அவர் ஒரே வார்த்தையில் மொத்தத்தையும் தூக்கி என் கையில் வைத்துவிட்டார். இவர் யார் என்னைப் பரிசோதிக்க? இரவெல்லாம் புரண்டுகொண்டு இதையே யோசித்தேன். மறுநாள் காலையில் தையல்காரியிடம் போய், கோயில் நடைதான் சோதனை என்றால் ஷூ தெரியவே நடக்கிறேன் என்று, பாதம்வரை இறங்கும்படி தைத்திருந்த கவுனைக் கணுக்காலுக்கு மேலே வெட்டச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் கத்தரிக்கோலை எடுத்தாள்.

கல்யாணத்தன்று வாசலிலிருந்து பீடம் வரைக்கும் நடந்தேன். ஜனம் பார்த்தது. நன்றாகவே பார்த்தது, ஒருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, திருப்பிக்கொண்டிருந்தாலும் நான் கவனித்திருக்க மாட்டேன். எங்கேயும் கடிக்கவில்லை. பூசை முடிந்து, கையெழுத்துப் போட்டு, இருவரும் கோயில் படிக்கு வந்தோம். போட்டோகிராபர் இப்படித் திரும்புங்க, அப்படிச் சிரிங்க என்று ஆரம்பித்தார். இருங்கள் என்று அம்மாவிடமிருந்து என் போனை வாங்கினேன். பூச்செண்டை மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார்.

"இப்போவா? ஜனமெல்லாம் நிக்குது, போன நோண்டிகினு கீறியே!" என்றார் மாமியார்.

"ஒரு நிமிசம் அத்தே. ஷூவுக்குப் பாக்கி."

ஆம்பூர்க்காரரின் பெயர் திரையில் வந்தது. பின் நம்பரை அடித்தேன். போட்டோகிராபர் நேரத்தை வீணாக்க வேண்டாமென்று அதையும் எடுத்துவிட்டிருக்கிறார். ஆல்பம் வந்தபோது மாமியார் அந்தப் படத்தை எடுத்துவிடச் சொன்னார். முடியாது என்றேன். கல்யாணப் பெண் தலையைக் குனிந்து போனில் கடனை அடைத்துக்கொண்டிருக்கிறாள், இரண்டு காலும் முழுசாகத் தெரிகின்றன. அந்த ஆல்பத்தில் நான் யாருக்காகவும் சிரிக்காத படம் அது ஒன்றுதான். ஆம்பூருக்கு அதைத்தான் அனுப்பி வைத்தேன்.